தர்மப்பணமும் ஐக்கியமும்: வாலிபர் சங்கங்களின் அயல்நாட்டு நிவாரண நிதி குறித்து ஒரு திறனாய்வு

நம் திருச்சபைகளின் வாலிபர் சங்கங்கள் ஆற்றிவரும் நற்பணிகளுள், அயல்நாடுகளில் பேரிடர் நேரும்போது நிதி திரட்டி அனுப்புவதும் ஒன்றாகும். நிலநடுக்கம், வெள்ளம், பஞ்சம் எனச் செய்தி வந்த அடுத்த ஞாயிறே ஆலய வாயிலில் உண்டியலோடு வாலிபர் நிற்கின்றனர். பாட்டு நிகழ்ச்சி, உணவு விற்பனை, ஒருவேளை உபவாசம், வீடுவீடாகச் செல்லுதல் ஆகிய வழிகளில் பணம் சேர்கிறது. இப்பணியைக் குறைகூற முன்வருவோர் மிகச் சிலரே. இக்கட்டுரையாசிரியனும் அதை நிறுத்தவேண்டும் என்று சொல்ல முற்படவில்லை. ஆயினும் திருச்சபையின் எந்தச் செயலும் இறையியல் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. நன்மை செய்கிறோம் என்னும் மனநிறைவே ஆய்வுக்குத் தடையாகிவிடக் கூடும். ஆதலின் நற்செயல்களை மற்றவற்றைக் காட்டிலும் கூர்ந்து நோக்குவது ஆயரின் கடமையாகிறது.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிருந்தது என் சொந்தத் தவறு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் கூர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்டு 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். அப்போது நான் ஆயராயிருந்த சபையின் வாலிபர் சங்கத்தார் மிகுந்த ஆர்வத்தோடு நிதி திரட்டினர். இடிபாடுகளின் நடுவே அழுது நிற்கும் சிறுவன் ஒருவனின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, இருளில் கிடக்கும் நேபாளத்திற்கு ஒளி தாரீர் என்று அதன் கீழ் எழுதி ஆலய முகப்பில் வைத்தனர். அதற்கு ஒப்புதல் தந்தவன் நானே.

சில மாதங்களுக்குப் பின் இறையியல் பயிலும் நேபாள மாணவர் ஒருவர் எங்கள் சபைக்கு வந்தார். அந்தப் படம் அலுவலறைச் சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பின், "ஐயா, நிலநடுக்கம் எந்தக் கிழமையில் வந்தது என்று உங்கள் சபையாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதை நான் அறியேன். அது சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமையாதலால் அந்நாட்டுச் சபைகள் அன்றே கூடி ஆராதிக்கின்றன. முற்பகல் 11.56 மணிக்கு நிலம் அதிர்ந்தபோது பல சபைகள் ஆராதனையில் இருந்தன; பாடிக்கொண்டும் செபித்துக்கொண்டும் இருந்தோர்மேல் கூரைகள் இடிந்து விழுந்தன. நாங்கள் இருள் என்று எழுதிவைத்த இடத்தில் அந்நேரம் கிறிஸ்துவின் சபை கூடியிருந்தது. 1990ஆம் ஆண்டுவரை மதமாற்றம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்த நாட்டில் வேரூன்றி வளர்ந்த சபை அது. அதைப்பற்றி ஒரு சொல்லும் நான் என் வாலிபருக்குக் கற்பித்திருக்கவில்லை.

நாங்கள் அனுப்பிய பணம் பயன்பட்டது. ஆனால் அது ஐக்கியமாயிற்றா என்னும் கேள்வி அன்றுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை.

1. பவுல் திரட்டிய நிதி

பேரிடர் நிவாரணத்திற்காகச் சபை நிதி திரட்டியதன் முதற் சான்று அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தை அகபு முன்னறிவித்தபோது அந்தியோகியாவின் சீஷர் தத்தம் திராணிக்கேற்ப யூதேயாவிலுள்ள சகோதரருக்குப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் ஆகியோர் கையில் அனுப்பினர். பின்னர்ப் பவுல், புறவினத்துச் சபைகளிடமிருந்து எருசலேமின் ஏழைகளுக்காக ஒரு பெரும் நிதியைப் பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டினார். 1 கொரிந்தியர் 16, 2 கொரிந்தியர் 8, 9, ரோமர் 15 ஆகிய பகுதிகள் அதன் வரலாற்றையும் இறையியலையும் நமக்குத் தருகின்றன.

இந்நிதியைக் குறிக்கப் பவுல் கையாளும் சொற்களை முதலில் நோக்குவோம். 2 கொரிந்தியர் 8:4இல் காரிஸ், கொய்னோனியா, டியாகோனியா ஆகிய மூன்று சொற்களும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன: அருள், ஐக்கியம், ஊழியம். 9:12இல் லெய்தூர்கியா என்னும் வழிபாட்டுச் சொல்லும் சேர்ந்துகொள்கிறது. 1 கொரிந்தியர் 16:1இல் உள்ள லொகெயா என்னும் சொல்லோ வெறும் சேகரிப்பு என்னும் பொருளுடையது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது தர்மப்பணம் என்றாயிற்று. தர்மம் என்பது நம் மொழியில் உயர்ந்த சொல்லே. ஆயினும் அது கொடுப்பவனை மேலும் வாங்குபவனைக் கீழும் நிறுத்துகிறது. தர்மம் தலைகாக்கும் என்னும் பழமொழியில் காக்கப்படுவது கொடுப்பவன் தலையே. பவுலின் சொற்களுள் இந்தப் பொருள் தருவது ஒன்றுமில்லை.

அடுத்து, பவுலின் கணக்கில் கடன்பட்டவர் கொடுப்பவரே. எருசலேமின் ஆவிக்குரிய நன்மைகளில் புறவினத்தார் பங்கு பெற்றதால் சரீர நன்மைகளால் அவர்களுக்கு ஊழியம் செய்யக் கடனாளிகளாயிருக்கிறார்கள் என்பது ரோமர் 15:27இன் கருத்து. 2 கொரிந்தியர் 8:13,14இல் அவர் நாடுவது சமநிலை: இன்று உங்கள் நிறைவு அவர்கள் குறைவுக்கு உதவுகிறது, நாளை அவர்கள் நிறைவு உங்கள் குறைவுக்கு உதவும். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவே இருப்பார் என்னும் எண்ணத்திற்கு இங்கே இடமில்லை.

மூன்றாவதாக, பவுல் இக்காணிக்கையைக் கொண்டு செல்கையில் அஞ்சுகிறார். எருசலேமின் பரிசுத்தவான்கள் அதை ஏற்றுக்கொள்ளும்படி தமக்காகப் போராடிச் செபிக்குமாறு ரோமாபுரியாரை வேண்டுகிறார் (ரோமர் 15:30,31). வாங்க மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். நம் வாலிபர் சங்கக் கூட்டங்களில் நாம் அனுப்புவதை அவர்கள் ஏற்பார்களா என்று எவரேனும் என்றேனும் கேட்டதுண்டா? ஏழை எதையும் ஏற்பான் என்பதே நம் முடிவு.

2. ஒரு பாட்டும் ஒரு கடிதமும்

இன்று நாம் காணும் நிதி திரட்டும் முறை, படமும் பாட்டும் பிரபலமானோரும் விரைவும் சேர்ந்த இம்முறை, நம்மிடையே தோன்றியதன்று. அதன் முன்மாதிரி 1984, 1985ஆம் ஆண்டுகளின் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது உருவாயிற்று. 1984 அக்டோபர் 23ஆம் நாள் கோரம் என்னும் இடத்திலிருந்து மைக்கேல் பர்க் அளித்த செய்தியை, முகமது அமீன் எடுத்த காட்சிகளோடு பிபிசி ஒளிபரப்பியது. அதைக் கண்டு நெகிழ்ந்த பாப் கெல்டாப், மிட்ஜ் யூர் என்னும் இசைக்கலைஞருடன் சேர்ந்து ஒரு பாட்டை இயற்றி, புகழ்பெற்ற பாடகர் பலரைக்கொண்டு நவம்பர் 25ஆம் நாள் பதிவு செய்து, டிசம்பரில் வெளியிட்டார். 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எய்ட் இசைவிழா அதன் தொடர்ச்சி. பள்ளி மாணவரும் ஆலய வாலிபரும் இதில் பெருந்திரளாக ஈடுபட்டனர்.

இம்முயற்சியால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் நேர்மை. அப்பணம் ஆயுதம் வாங்கத் திருப்பப்பட்டது என்னும் எண்ணம் தோன்றும்படி 2010இல் செய்தி வெளியிட்ட பிபிசி, பின்னர் அதற்காக அந்த அறக்கட்டளையிடம் மன்னிப்புக் கேட்டது. எனவே பணம் வீணாயிற்று என்பது நம் குற்றச்சாட்டன்று. நாம் ஆராய்வது அப்பாட்டின் தலைப்பை. இது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது அதன் பொருள்.

எத்தியோப்பியருக்குத் தெரியுமா? நான்காம் நூற்றாண்டில், எசானா அரசன் காலத்தில், அலெக்சாந்திரியாவின் அத்தநாசியுவால் ஆயராக அபிஷேகம் பெற்ற புருமெந்தியுவின் கீழ் வேரூன்றிய திருச்சபை எத்தியோப்பியத் திருச்சபை. ஆங்கிலேயரிடையே பணியாற்றும்படி கந்தர்பரி அகுஸ்தீன் அனுப்பப்பட்டதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே அக்சும் நாட்டில் கிறிஸ்து பிறப்பு அறிவிக்கப்பட்டாயிற்று. பஞ்சம் கொடுமையாயிருந்த வொல்லோ மாகாணத்திலேதான் பாறையில் குடையப்பட்ட லாலிபெலா ஆலயங்கள் உள்ளன. ஆண்டுதோறும் ஜனவரி 7ஆம் நாள் கென்னா என்னும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு மக்கள் அங்கே திரண்டு வருகின்றனர். அப்பாட்டு வெளிவந்த டிசம்பர் நாள்களில் எத்தியோப்பியத் திருச்சபை அவ்விழாவிற்கு ஆயத்தமாகும் உபவாச காலத்தில் இருந்தது. உண்ண உணவில்லாத நாட்டிலும் அதன் நாள்காட்டி உபவாசத்தைக் குறித்துநின்றது. இதை அறிந்த ஒருவர் அத்தலைப்பை எழுதியிருக்க மாட்டார்.

பாட்டு எழுதியோர் இறையியல் வல்லுநரல்லர், அவர்களை மன்னிக்கலாம். அதே மனப்பான்மை திருச்சபைகளிலும் இருந்ததே வருந்தத்தக்கது. பாட்டு வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1972இல், எத்தியோப்பிய மேக்கனே ஏசுஸ் சுவிசேஷத் திருச்சபை ஜெனீவாவிலுள்ள லூத்தரன் உலகச் சம்மேளனத்திற்கு ஒரு கடிதம் எழுதிற்று. அப்போது அதன் பொதுச்செயலாளராயிருந்தவர் குதினா தும்சா. மேற்கத்திய நிறுவனங்கள் பொருள்வளர்ச்சித் திட்டங்களுக்குத் தாராளமாக நிதி தருகின்றன. நற்செய்திப் பணிக்கும் தலைவர்களைப் பயிற்றுவிக்கவும் தரத் தயங்குகின்றன. எது தேவை என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கின்றனர். மனிதனை உடல் என்றும் ஆவி என்றும் பிளந்து பார்ப்பது எங்களுக்கு அயலானது, மனிதன் முழுமையாக மீட்கப்பட வேண்டியவன் என்பது அக்கடிதத்தின் சாரம். வாங்கும் சபை கொடுக்கும் சபைகளுக்கு இறையியல் கற்பித்த அருமையான ஆவணங்களுள் அது ஒன்று. குதினா தும்சா 1979 ஜூலை 28ஆம் நாள் கடத்தப்பட்டு, தெர்க் இராணுவ ஆட்சியாளரால் கொல்லப்பட்டார்.

1984இல் உலகெங்கும் பாட்டு ஒலித்தபோது அக்கடிதத்தை எடுத்து வாசித்த வாலிபர் சங்கங்கள் எத்தனை? எத்தியோப்பியாவிற்கு ஒரு குரல் இருந்தது. உலகம் அதன் முகத்தை மட்டும் கண்டது.

3. பசியின் காரணம்

குரலைக் கேளாமையின் விளைவாகக் காரணமும் மறைந்துபோகிறது. மழை பெய்யவில்லை, பயிர் விளையவில்லை, மக்கள் பசித்தனர் என்பதே உலகம் கேட்ட கதை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. டிக்ரே, எரித்ரியா பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்க முனைந்த அரசின் போர்நடவடிக்கைகள் பயிரையும் சந்தையையும் பாதைகளையும் அழித்தன. வடபகுதி மக்கள் ஆறு இலட்சம் பேரளவில் தென்மேற்கிற்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பலர் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டு வழியிலும் முகாம்களிலும் மாண்டனர். அதை வெளிப்படையாகக் கண்டித்த பிரான்சு நாட்டு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1985 டிசம்பரில் வெளியேற்றப்பட்டது. உணவு இல்லாமையைவிட உணவைப் பெறும் உரிமை இல்லாமையே பஞ்சத்தின் வேர் என்று 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தையும் 1970களின் எத்தியோப்பியப் பஞ்சத்தையும் ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இலேயே நூல் எழுதியிருந்தார்.

இதற்கு மாறான ஒரு சான்றையும் குறிப்பிட வேண்டும். நார்வே திருச்சபை உதவி நிறுவனம் முதலிய திருச்சபை அமைப்புகள் சூடான் நாட்டுத் திருச்சபைகளின் மன்றத்தோடு சேர்ந்து, 1981 முதல், அரசின் கைக்கு எட்டாத பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு எல்லை கடந்து உணவு அனுப்பின. வான்தாக்குதலுக்கு அஞ்சி லாரிகள் இரவில் ஓடின. அப்பணி புகைப்படத்திற்கு ஏற்றதன்று. அதைப்பற்றிப் பாட்டும் இல்லை. ஆயினும் அங்குள்ள மக்களின் சொந்த நிவாரண அமைப்புகளைப் பங்காளிகளாகக் கொண்டு, பசி ஏன் வந்தது என்பதை அறிந்து, அதற்கேற்பச் செய்யப்பட்ட பணி அது. இரக்கம் அறிவோடு சேர்ந்தபோது எத்தகைய உருவம் பெறும் என்பதற்கு அது சான்று.

4. நாமும் வாங்கியவர்களே

கடன்பட்டோம் என்னும் பவுலின் சொல் தமிழ்த் திருச்சபைக்கு உருவகமன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் நம் முன்னோர்க்கு வந்த உதவியில் ஒரு பகுதி, 1877இல் இலண்டன் மாநகரத் தலைவரின் பெயரால் திரட்டப்பட்ட மான்சன் ஹவுஸ் நிதி. அவ்வாண்டுகளில்தான் திருநெல்வேலிச் சபைகளில் பல்லாயிரவர் புதிதாகச் சேர்ந்தனர். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றது என்பதும் வரலாறு. நமக்கு உதவிய கைகள் அன்பின் கைகளே. அந்தக் கைகளுக்குரியோரில் மிகப் பலர், கப்பல் ஏன் நிறைந்து திரும்புகிறது என்று கேட்கவில்லை.

அண்மைய நினைவு ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கிய அந்நாளும் ஞாயிற்றுக்கிழமை. அதன் பின்னர் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததைக் கண்டவர் பலர் இதை வாசிப்பர். வெப்பமான கடற்கரைக்குக் கம்பளி உடைகளும் வந்தன. பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த மீனவ மக்கள் மறுத்தனர். நன்றி கெட்டவர்கள் என்று அப்போது சிலர் சொன்னதையும் நான் கேட்டேன். அந்த மறுப்பில் எருசலேமைப்பற்றிப் பவுல் கொண்ட அச்சத்தின் பொருளை உணர்ந்திருக்க வேண்டும். உழைத்து உண்ட மக்கள் தங்கள் மானத்தைக் காத்துக்கொண்டனர். நேபாளத்திற்குத் துணி அனுப்பலாமா என்று என் வாலிபர் கேட்டபோது நாகப்பட்டினத்துச் சாலை என் நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றேன். ஆனால் படத்தைக் குறித்து அந்நினைவு எழவில்லை. அந்தச் சிறுவனுக்கும் மானம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

5. ஆயர்களுக்குச் சில

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பசித்த பிள்ளை இறையியல் விளக்கத்திற்காகக் காத்திருக்க முடியுமா? முடியாது. இடர் நேர்ந்த முதல் வாரத்தில் செய்யத்தக்கது, நிபந்தனையின்றிப் பணமாகக் கொடுத்து, அங்குள்ள சபைகளோடு ஏற்கெனவே தொடர்புடைய அமைப்புகள் வழியாக அனுப்புவதே. ஆனால் அந்தியோகியாவை நோக்குங்கள். எருசலேமிலிருந்து பர்னபா வந்து அவர்களோடு ஓராண்டு வாழ்ந்திருந்தார், தீர்க்கதரிசிகள் போய்வந்துகொண்டிருந்தனர். அங்கே உறவு முந்திற்று, நிதி பிந்திற்று. விரைந்து கொடுக்க வேண்டுமானால் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

ஆதலின் சிலவற்றை முன்வைக்கிறேன். வாலிபர் சங்கம் ஒவ்வொன்றும் நிதி திரட்டுமுன் ஒரு மாலையேனும் அந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றையும் அவ்விடரின் காரணங்களையும் கற்கட்டும். அங்குள்ள சபைக்கு எழுதித் தேவை யாது எனக் கேட்டு, மறுமொழி வரும்வரை பொறுக்கட்டும். பெயரும் இசைவும் அறியாத எவருடைய படத்தையும் ஆலயத்தில் வைக்க வேண்டாம். கணக்கைச் சபையின் முன் வாசிக்கட்டும். தீத்துவோடு சபைகள் நற்சாட்சி பெற்ற சகோதரர் இருவரையும் பவுல் அனுப்பியது பிறர் குறைகூற இடமிராதபடிக்கே. நல்ல நோக்கம் சட்ட அறியாமைக்கு ஈடாகாது. 1971 ஆகஸ்டு 1ஆம் நாள் ஜார்ஜ் ஹாரிசனும் இரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய இசைவிழாவின் இசைத்தட்டு வருவாயில் பெரும்பகுதி, வரிவிலக்கு முன்னரே கோரப்படாததால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நம் நாட்டிலும் அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டிற்கு வெளியே செலவிட்டு வரிவிலக்கும் பெற விரும்பினால் தனி ஒப்புதல் வேண்டும்; இதை அறியாமல் பணம் சேர்த்துவிட்டுத் திகைத்த சபைகள் உண்டு. இறுதியாக, அவர்கள் நமக்காகச் செபிக்கும்படி கேட்போமாக. கொடுத்தவருக்காக வாங்கியவர் ஏறெடுக்கும் செபத்தைப் பவுல் இந்நிதியின் கனியாகவே எண்ணுகிறார் (2 கொரிந்தியர் 9:14). இதைக் கேட்கக் கூசுவோமானால், நம்மை அவர்களுக்கு மேலாக வைத்திருக்கிறோம் என்று அறியலாம்.

2023 பிப்ரவரி 6ஆம் நாள் விடியற்காலையில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் அதிர்ந்து 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். என் மாணவர் சிலர் வார இறுதிப் பணிக்குச் செல்லும் சபையொன்றின் வாலிபர் நிதி திரட்ட முன்வந்தபோது, இடிந்த நகரங்களின் பெயர்களை முதலில் வரைபடத்தில் தேடச் சொன்னேன். அந்தாக்கியா என்னும் பெயரில் ஒரு பெண்பிள்ளையின் விரல் நின்றது. அது அந்தியோகியா. முதன்முதல் சீஷர்கள் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட நகரம். முதல் நிவாரண நிதி புறப்பட்ட நகரம். பேதுரு பவுல் பெயரால் அங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயமும், புராட்டஸ்டண்டு சபை கூடிவந்த கட்டடமும் அன்று இடிந்து விழுந்தன.

அந்த ஞாயிறு ஆலய வாயிலில் படம் எதுவும் வைக்கப்படவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது; பின்னர்க் காணிக்கை எடுக்கப்பட்டது. சேர்ந்த தொகை பெரிதன்று. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கொடுத்தவர் அறிந்திருந்தனர்.